மடிக்காமல் வெட்டிய துணி

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் தையல்காரருக்கு முன்னால் நின்று அளவு கொடுத்ததில்லை. அளவு ஜாக்கெட்தான் போகும். நன்றாக அமைந்துவிட்ட ஒரு பழைய ஜாக்கெட்டைத் துவைத்து, மடித்து, புதுத் துணியோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தால், தையல்காரர் அதை மேசையில் விரித்துப் பார்த்து வெட்டிக்கொள்வார். ஒரு வாரத்தில் புதுசும் பழசும் சேர்ந்து வீட்டுக்கு வரும். பழசை யாரும் உடுத்துவதில்லை. அளவு சொல்வது ஒன்றுதான் அதற்கு வேலை.

என் கணவரின் அக்காவுக்கு, அதாவது நான் மைனி என்று கூப்பிடும் என் மதினிக்கு, அப்படி ஒரு இளநீல ஜாக்கெட் இருந்தது. மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாது என்று அதன் கீழ் ஓரத்தில் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டிருந்தாள். பத்து வருஷத்துக்கு மேல் அது சாலைக் கடைத்தெருவில் இருந்த தையல்காரரிடம் போய் வந்துகொண்டிருந்தது. நானோ வருஷத்துக்கு ஒரு அளவு ஜாக்கெட் மாற்றுகிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தது. பிறகு அதைத் தேட வேண்டியதாயிற்று. மதினி அப்படியே இருந்தாள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. இப்போது அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

திருவனந்தபுரத்தில் வலியசாலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், என் கணவர், மதினி என்று மூன்றே பேர். அவர்கள் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. நான்தான் தென்காசிப் பக்கமிருந்து புதிதாக வந்து சேர்ந்தவள். மதினி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வயதில் பரீட்சை எழுதி அரசாங்க ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவள். பகல் முழுக்க மலையாளம், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் தமிழ். நான் எழுதி வைக்கிற மளிகைச் சீட்டைக்கூடச் சிவப்புப் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் தம்பி கையில் கொடுப்பாள். "எத்தன கிலோன்னு போடாம சீட்டு எதுக்குட்டி?" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவளுக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த மழைக்காலத்தில் புற்றுக்கட்டி என்று மதினியின் இடது மார்பை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து ஏற்றுவது, கரண்டு வைப்பது என்று சொல்லும் கதிர் சிகிச்சை என மாதங்கள் போயின. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வரட்டுமா என்று கேட்டால், "நீ பையப் பாத்துக்கோ" என்பாள். அந்தப் பையில் ஒரு பிளாஸ்கும் இரண்டு ஆரஞ்சுப் பழமும்தான் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். நைட்டிக்கு மேலே இடது தோளிலிருந்து ஒரு தோர்த்து, அந்த ஊர் மெல்லிய துண்டு, எப்போதும் தொங்கும். உடை மாற்றப் போனால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் அடுக்களை வரை கேட்கும். எட்டு மாதத்தில் நான் அந்தத் தழும்பை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

லீவு முடிய மூன்று வாரம் இருக்கையில் ஆபீஸிலிருந்து ஒரு பெண் பார்க்க வந்தாள். மதினி வைத்திருந்த ஃபைல் அலமாரியின் சாவி அப்போது அவளிடம் இருந்தது. "சேச்சி எந்நா வருன்னே? ஆ தாக்கோல் கையில் வெச்சு எனிக்கு மதியாயி" என்றாள். எப்போது வருகிறீர்கள், சாவியைச் சுமந்து அலுத்துவிட்டது என்கிறாள். மதினி சிரித்து வைத்தாள். அந்தப் பெண் போனதும் தோர்த்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். கதவு தாழ்ப்பாள் போடவில்லை. போய்ப் பார்த்தால், பீரோவுக்கு முன்னால் நிற்கிறாள். நைட்டிக்கு மேலேயே ஒரு ஆபீஸ் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை வீங்க ஆரம்பித்திருந்தது. காலையில் குறையும், சாயங்காலம் ஏறும். அந்தக் கை ஜாக்கெட் கைக்குள் முழங்கை வரை போய் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தோள் உயரத்துக்கு மேல் அந்தக் கையைத் தூக்கவும் முடியாது.

"கத்திரிய எடுத்துட்டு வா" என்றாள். நான் கையோரத்தை வெட்டி விடுவித்தேன்.

கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏழு ஜாக்கெட்டு இருக்கு. ஏழும் ஒரே அளவு. ஒண்ணும் ஏறாது. பின்னே, ஏறினாலும் ஒரு பக்கம் சும்மா தொங்கும்."

"புதுசாத் தைக்கக் குடுப்போம் மைனி."

"எந்த அளவுல? தையக்காரன் பத்து வருஷமா அந்த நீல ஜாக்கெட்ட வச்சுத் தைக்கான். அளவு ஏன் மாறிச்சுன்னு கேப்பாம்லா. நான் என்னத்தச் சொல்ல?" பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எழுதிக் குடுத்துட்டு வீட்லயே இருந்திரலாம்னு பாக்கேன்ட்டி. உடுத்திக்கிட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்ல."

பன்னிரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி இருந்தது. என் கணவரிடம் சொன்னால், "ஒடம்புதான் முக்கியம், அக்கா இஷ்டம்" என்றார். அவருக்குப் புரியவில்லை. உடம்பு தேறிவிட்டது. ஒரு ஜாக்கெட் இல்லாததால் ஒருத்தி வேலையை விடப் போகிறாள்; அதை வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா? அந்த ஆபீஸ் இல்லாத மதினியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எங்கள் மளிகைச் சீட்டை மட்டும் திருத்திக்கொண்டு அவள் எத்தனை நாள் இருப்பாள்?

மறுநாள் சாலைக் கடைத்தெருவில் ஒரு கட்பீஸ் கடையில் அந்தத் துணியைப் பார்த்தேன். நாவல்பழ நிறத்தில் பூப்போட்ட லேஸ். இழுத்தால் நீள்கிற ஸ்ட்ரெச் லேஸ். காலேஜ் பெண்கள் டாப்ஸுக்கு வாங்குவது. கடைக்காரர் நம்ம பக்கத்து ஆள். இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். "எவ்வளவு இழுத்தாலும் வரும்க்கா. விட்டா பழைய எடத்துக்குப் போயிரும்." எனக்கு மதினியின் கைதான் ஞாபகம் வந்தது. காலையில் ஒரு பருமன், சாயங்காலம் ஒரு பருமன். இந்தத் துணி இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். கொக்கி வேண்டாம். கழுத்தை அகலமாக வைத்துவிட்டால், முடியாத கையை முதலில் நுழைத்து, தலையை விட்டு, அப்புறம் நல்ல கையை நுழைத்துக்கொள்ளலாம். இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

"பத்து நாள் குடுங்க மைனி. அதுக்குள்ள எழுதிக் கிழுதிக் குடுத்திராதீங்க" என்றேன். அவள் துணியைத் தடவிப் பார்த்தாள். "கொள்ளாமே" என்றாள். அந்த ஊரில் அது நல்ல வார்த்தை.

நான் கல்யாணத்துக்கு முன்னால் ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போனவள். அந்தத் திமிர் எனக்குக் குறையவே இல்லை. கத்திரிக்கோல் கைக்கு வந்தால் பொறுமை போய்விடும். நீல ஜாக்கெட்டைப் பீரோவிலிருந்து எடுத்து, செய்தித்தாளில் விரித்து, சுற்றிக் கோடு போட்டேன். வீங்கிய கைக்காக இடது கையை மட்டும் இரண்டு அங்குலம் கூட்டினேன். மற்ற இடங்களிலும், எதற்கும் இருக்கட்டும் என்று, சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டேன். சாதாரணத் துணிக்கு அப்படித்தான் விடுவது. துணியை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் பாதி முன்பக்கத்தின் காகிதத்தை வைத்து வெட்டினேன். விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்துவிடும். அடியில் கொடுக்க, கூடவே இழுபடுகிற துணி வேண்டுமே. என் கணவர் புதிதாக வாங்கி வைத்திருந்த இரண்டு பனியன்களை வெட்டிவிட்டேன்.

"ஏட்டி, அது பிரிக்காத பனியன்லா!" என்றார்.

"அதான் வெட்டினேன். பழசுன்னா ஓட்ட இருக்கும்லா" என்றேன்.

நாலாம் நாள் சட்டை தயார். மதினி கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் கழித்து வந்தாள். மேலே சேலையை நன்றாக இழுத்துப் போர்த்தியிருந்தாள். கை சுலபமாகப் போயிருந்தது, அது தெரிந்தது. "நல்லாருக்குட்டி. ரொம்ப மெனக்கெட்டிருக்கே" என்றாள். போய்க் கழற்றி மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் தம்பியிடம் நாலு முழுத்தாள் வாங்கி வரச் சொன்னாள், ஆபீஸுக்கு எழுதிக் கொடுக்க.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாலு நாள் குனிந்து முதுகு விட்டுப்போனது. நல்லாருக்காமே! நல்லாருந்தால் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே! அடுக்களையில் நான் பாத்திரம் உருட்டிய சத்தம் அன்று தெரு முழுக்கக் கேட்டது. "பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லணும். ஒருத்தி ஒடம்பு நோகச் செஞ்சதுக்கு ஒரு மரியாத வேண்டாமா?" என்று கணவரிடம் சொன்னேன். கணவரிடம் சொல்வதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. உள் அறையில் மதினி எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது, பிறகு மறுபடி ஓடியது. நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதினி குளிக்கப் போன நேரம் அந்தச் சட்டையை எடுத்தேன். பிரித்து என் தலையணைக்கு உறை போட்டுக்கொள்ளலாம் என்கிற வீம்பு. உட்பக்கம் திருப்பியபோது விரலில் என்னமோ குத்தியது. ஊக்கு. ஒன்றல்ல, ஐந்து. இடது முன்பக்கத்தில் நான் டார்ட் மடிப்புப் பிடித்துக் குழிவாக வைத்திருந்த இடத்தை மடிப்பு மடிப்பாக மடித்து, தட்டையாக்கப் பார்த்து, ஊக்குப் போட்டிருந்தாள். ஒற்றைக் கையால் போட்ட ஊக்குகள்; ஒன்று நேர், ஒன்று கோணல். ஒன்றின் பக்கத்தில் பனியன் துணியில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. அந்த இடத்தில் தோல் மரத்துப் போயிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குத்தியது அவளுக்குத் தெரிந்திருக்காது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீங்கிய கையைப் பற்றி யோசித்தேன், கழுத்தைப் பற்றி யோசித்தேன், பனியனைப் பற்றிக்கூட யோசித்தேன். ஆனால் அளவை நீல ஜாக்கெட்டிலிருந்து எடுத்தேன். எடுத்துவிட்ட மார்புக்கு இடம் விட்டு, போதாததற்கு ஒரு அங்குலம் கூட்டியும் தைத்து, போட்டுப் பாருங்கள் என்று பெருமையாக நீட்டியிருக்கிறேன். அவள் எட்டு மாதம் தோர்த்தால் மூடி வைத்திருந்ததை என் சட்டை பை மாதிரி தொங்கவிட்டுக் காட்டியிருக்கிறது. அதற்கும் அவள் நல்லாருக்கு என்றுதான் சொன்னாள்.

குளித்துவிட்டு வந்தவள் என் மடியில் சட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"மைனி, இத நான் ஒங்களுக்குத் தைக்கல. அந்த நீல ஜாக்கெட்டுக்குத் தச்சிருக்கேன்" என்றேன். "தப்பு எம்மேல. அன்னைக்கு அடுக்களைல கத்தினதும் தப்பு."

"சாரமில்லட்டி. அதனால என்ன?"

"சாரமில்லன்னு சொல்லாதீங்க. எனக்கு ஒங்க அளவு வேணும். இப்ப உள்ள அளவு."

தலையைத் துவட்டி முடித்தாள். அப்புறம் கையை நீட்டினாள். "டேப்பக் குடு. நானே எடுத்துத் தாறேன்."

டேப்பும் பென்சிலும், தம்பி வாங்கி வந்த நாலு தாளில் எழுதியதும் அடித்ததும் போக மிச்சமிருந்த ஒரு தாளுமாக உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. கால் மணி நேரம் கழித்துக் கதவிடுக்கு வழியாகத் தாள் வந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. வரிசை எண், இனம், வலது, இடது. வலதுபக்கக் கட்டங்களில் அரை அங்குலம் கால் அங்குலம் விடாமல் எண்கள். இடதுபக்கத்தில் கையின் சுற்றளவு மட்டும் இருந்தது. மற்ற எல்லாக் கட்டத்திலும் சின்னச் சின்னதாக ஒரு கோடு.

"மைனி, எடது பக்கம் ஒண்ணுமே போடலியே" என்றேன் கதவுக்கு வெளியே நின்று.

தெருவில் ஒரு ஆட்டோ போகிற சத்தம் வந்து தேய்ந்தது.

"டேப்பு நிக்க மாட்டேங்கு" என்றாள் உள்ளேயிருந்து. "ஒத்தக் கையால பிடிக்க முடியல." பிறகு தாழ்ப்பாள் விலகியது. "உள்ள வா. கதவச் சாத்திட்டு வா."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தோர்த்து கட்டில் மேல் கிடந்தது. பார்த்துப் பயப்படும்படி ஒன்றும் இல்லை. நெஞ்சின் நடுவிலிருந்து அக்குள் வரை ஒரு நீளத் தழும்பு. கரண்டு வைத்த இடம் கறுத்திருந்தது. மற்றபடி தட்டையான, ஆறிய தோல். டேப்பை வைத்துவிட்டால் கைக்கு வேலை வந்துவிடுகிறது. தோளிலிருந்து இடுப்பு வரை வலது பக்கம் பதினைந்து, இடது பக்கம் பதின்மூன்றரை. நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் ஜன்னல் திண்டில் தாளை வைத்து எழுதினாள். ஒவ்வொரு சிறு கோட்டையும் அடித்துவிட்டு அதன் மேலே எண்ணைப் போட்டாள்.

"நல்லா தச்சிருக்கானா?" என்று கேட்டாள் திடீரென்று.

ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்கிறாள் என்று விளங்க எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு குனிந்து பார்த்தேன். ஒரு தையல்காரி பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

"தையல் ஒழுங்காத்தான் இருக்கு மைனி. ஆனா அக்குள் பக்கம் முடிக்கும்போது கொஞ்சம் சுருக்கிட்டான். அவசரக்காரன்."

"அப்ப ஒனக்குச் சொந்தக்காரனா இருப்பான்" என்றாள்.

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது தோள் குலுங்கி டேப் நழுவியது. நான் அழுதேன். அவள் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நன்றாகவே அழுதேன். எட்டு மாதம் பையைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கெல்லாம் சேர்த்து அழுதேன். "மதி, மதி, போதும். அளவு மாறிறப் போவுது" என்றாள் மதினி.

முதல் சட்டையை முழுசாகப் பிரித்தேன். லேஸில் தையல் பிரிப்பது கண்ணுக்குப் பிடித்த சனியன். நூல் எது, பூ எது என்று தெரியாது. நல்லவேளை, சின்னதாக்கத்தான் வேண்டும், பெரிதாக்க வேண்டாம். துணி போதும். இந்தத் தடவை செய்தித்தாள் இல்லை. போன தடவை அதன் மை பனியனில் ஒட்டியிருந்தது. பழுப்புக் காகிதம் வாங்கி, அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். இழுபடுகிற துணியாச்சே, உடம்பளவைவிடச் சுற்றிலும் கொஞ்சம் குறைத்தேன். வீங்குகிற கையில் மட்டும் குறைக்கவில்லை. அது பிடிக்கக் கூடாது.

பழக்கதோஷத்தில் கை துணியை மடிக்கப் போயிற்று. இரண்டு தடவை மடித்து இரண்டு தடவையும் விரித்தேன். மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். இங்கே இரண்டும் ஒன்றல்ல. வலது முன்பக்கத்துக்குத் தனிக் காகிதம், டார்ட்டோடு. இடது முன்பக்கத்துக்குத் தனிக் காகிதம், நேர்க்கோடாக, ஒன்றரை அங்குலம் குட்டையாக. துணியை முழுசாக விரித்துப் போட்டு ஒவ்வொன்றாக வெட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகக் கத்திரி ஓடியதில்லை.

"உள்ள எடது பக்கம் ஒரு பை வச்சுத் தரட்டுமா மைனி? பஞ்சோ துணியோ வச்சுக்கிடலாம்" என்று கேட்டேன்.

யோசித்தாள். "வையி. என்ன வைக்கணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

போட்டுப் பார்ப்பதற்காக முதலில் கைத்தையலாக லேசாக ஓட்டிக் கொடுத்தேன். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. என் முன்னாலேயே போட்டாள். இடது கை, தலை, வலது கை. நான் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிவிட்டேன். துணி வலது பக்கம் வளைந்து, இடது பக்கம் தட்டையாக, எங்கேயும் தொங்காமல் நின்றது. பீரோக் கண்ணாடியில் முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

நான் மெஷினில் உட்கார்ந்தேன். எங்களுடையது நேர்த்தையல் மட்டும் போடுகிற பழைய கால்மெஷின். லேஸை வைத்ததும் ஊசிக்கு அடியில் இருக்கிற பல்லுக்குள் இழுத்துக்கொண்டு நூலைச் சிக்க வைத்தது. அடியில் தாள் கொடுத்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்தெடுக்க வேண்டும். போன தடவை கொடுத்த செய்தித்தாள் மை ஒட்டும், பழுப்புக் காகிதம் ரொம்பத் தடிமன். போதாததற்கு மெஷினில் எண்ணெய் கசிந்தது. "இந்த வீட்ல ஒரு நல்ல கந்தத்துணி உண்டா? ஒரு வெள்ளத்தாள் உண்டா?" என்று கத்தினேன்.

மதினி வந்தாள். கையில் ஒரு நீளக் கவர். அதற்குள்ளிருந்து இரண்டு தாளை எடுத்து மெஷின் பலகையில் வைத்தாள். திருத்தமில்லாமல் அழகாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டது. வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்ற விண்ணப்பம்.

"மைனி, இது ஒங்க லெட்டர்லா?"

"தெரியும். கொஞ்சம் தடிச்ச பேப்பர். ஊசி போவுமா?"

"போகும்."

"பின்னே என்ன? கிழி."

நாலு விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்தேன். லேஸுக்கு அடியில் வைத்துத் தைத்தேன். ஊசி அவள் எழுத்தின் மேலெல்லாம் ஓட்டை போட்டுக்கொண்டு போயிற்று. தைத்து முடித்துத் தாளை இழுத்தால் ஓட்டை வரிசையில் சரசரவென்று கிழிந்து வந்தது. மதினி பக்கத்தில் நின்று அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் தையல் ஒரு இடத்தில் கோணிவிட்டது. அதைப் பிரிக்கவில்லை. அக்குளுக்கு அடியில் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது?

லீவு முடிந்த திங்கட்கிழமை காலையில் அந்த லேஸ் சட்டைக்கு மேலே சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொண்டாள். தோர்த்து ஆணியில் தொங்கியது. கிழக்கேகோட்டை வரை நானும் கூட நடந்தேன். பஸ்ஸில் வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். திரும்பிப் பார்த்து, "போயி அடுப்பப் பாரு" என்றாள். நான் வந்து அடுப்பைப் பார்த்தேன். சாம்பாரை அடிபிடிக்க விட்டேன். அன்று முழுக்க எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. யாராவது உற்றுப் பார்த்திருப்பார்களோ, ஏதாவது கேட்டிருப்பார்களோ?

ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டேன்: "யாரும் எதுவும் சொன்னாங்களா மைனி?"

"சேச்சி சட்ட எங்க வாங்கினதுன்னு கேட்டா ஒருத்தி. பின்னே, நாலு ஃபைலக் காணல. ஒரு எடத்துல ஒண்ணு வைக்கத் தெரியாது இதுகளுக்கு." சொல்லிக்கொண்டே கழுத்து வழியாகக் கையை விட்டு, நான் தைத்த பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தாள். அலமாரிச் சாவி. பஞ்சும் இல்லை, துணியும் இல்லை. அந்தப் பையில் வேறு எதுவுமே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள். அதன் மேலே துவைத்து மடித்த லேஸ் சட்டை.

"இது எதுக்கு மைனி?"

"அளவுக்கு."

"அப்ப அந்த நீல ஜாக்கெட்டு?" என்று கேட்டேன். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஒரு வாரமா அத வச்சுத்தான மெசினத் தொடைக்கே" என்றாள்.

மெஷின் சக்கரத்தின் மேல் கிடந்த துணியை எடுத்துப் பார்த்தேன். நாலாக வெட்டிய ஒரு துண்டு. எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய், மடிப்புக்குள்ளே மட்டும் இன்னும் இளநீலம். ஓரத்தில் நாலு சிவப்புத் தையல். கந்தல் துணி இல்லை என்று நான் கத்திய அன்றைக்கே வெட்டி அங்கே போட்டிருக்கிறாள். நான் தினமும் அதைக் கையில் எடுத்துத் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் பார்க்கவில்லை.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வந்த அவசரத்தில் கையில் இருந்த அந்தத் துணியாலேயே முகத்தைத் துடைத்தேன். கன்னமெல்லாம் எண்ணெய்.

"ஒனக்கு எதுலதான்ட்டி அவசரம் இல்ல?" என்று மதினி தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.